முட்டையை நிறுத்தினால் புற்றுநோய் பட்டினி கிடக்குமா? நாமக்கல் தீவன மில்லில் இருக்கிறது பதில்

நாமக்கல்லிலிருந்து தினமும் கோடிக்கணக்கான முட்டைகள் லாரி ஏறுகின்றன. சத்துணவு மையங்களுக்குப் போகின்றன, கேரளாவுக்குப் போகின்றன, கப்பலேறி வளைகுடா நாடுகளுக்கும் போகின்றன. 2010 முதல் சத்துணவில் வாரத்தின் ஐந்து பள்ளி நாளும் பிள்ளைகளுக்கு முட்டை. புரதம் வேண்டும் என்றால் முட்டை என்று ஊருக்கே சொல்லிக்கொடுத்த மாவட்டம் இது.

ஆனால் இதே ஊரில் ஒரு வீட்டில் யாருக்காவது கேன்சர் என்று ரிப்போர்ட் வந்துவிட்டால், சமையலறையிலிருந்து முதலில் வெளியே போவது அந்த முட்டைதான். அப்புறம் பால், கறி, மீன். "முட்டை வேண்டாம் கண்ணு, அது கட்டிக்கு எரு போட்ட மாதிரி ஆயிரும்." ராசிபுரம் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் என் காதால் கேட்ட வசனம் இது. முட்டை போன இடத்தில் தட்டுக்கு வருவது ஜவ்வரிசிக் கஞ்சி. சேலம் வட்டாரத்தில் ஜவ்வரிசிக்குப் பஞ்சமில்லை. வயிற்றுக்கு இதம், வாய்ப்புண் இருந்தாலும் தொண்டையில் இறங்கும். எல்லாம் சரிதான். அதில் புரதம் மட்டும் கிடையாது.

இந்த "எரு" வாதத்தைச் சிரித்துத் தள்ளிவிட எனக்கு மனசில்லை. ஏன்னா, அதில் பாதி உண்மை இருக்கிறது. புற்றுநோய் செல்லுக்கு அமினோ அமிலம் வேண்டும். அது கிடைக்காமல் செய்தால் சில வகைப் புற்றுநோய் செல்கள் செத்தே போகும். அதை வைத்தே 50 வருஷத்துக்கும் மேலாக ஒரு மருந்து குழந்தைகளைக் காப்பாற்றி வருகிறது. பிரச்னை மீதிப் பாதியில். அந்தப் பட்டினியைச் சாப்பாட்டுத் தட்டை வைத்துப் போட முடியாது. போட முயன்றால் முதலில் கரைவது கட்டி கிடையாது, நோயாளியின் தொடைச் சதை.

ஒரு பொடி குறைந்தால் முட்டை குறையும்

நாமக்கல்லில் முட்டைக்கோழித் தீவனம் அரைக்கும் யாரிடம் வேண்டுமானாலும் பேசிப் பாருங்கள். மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு, சுண்ணாம்புக்கல் குருணை என்று சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரு வெள்ளைப் பொடியைச் சொல்வார்கள்: மெத்தியோனின். ஒரு டன் தீவனத்துக்கு ஒன்றிரண்டு கிலோ அளவில்தான் சேரும். விலை அதிகம். ஆனாலும் விட மாட்டார்கள்.

காரணம் எளிது. மக்காச்சோளமும் சோயாவும் சேர்ந்த தீவனத்தில் மற்ற அமினோ அமிலங்கள் ஓரளவு இருக்கும். கோழியின் தேவைக்கு முதலில் பற்றாக்குறை ஆவது மெத்தியோனின். அது ஒன்று குறைந்தால், மற்றவை மூட்டை மூட்டையாகக் கிடந்தாலும் பயனில்லை. முட்டை சிறுத்துப்போகும், எண்ணிக்கையும் இறங்கும். உபரியாக நிற்கும் அமினோ அமிலங்களைக் கோழியால் சேர்த்துவைக்கவும் முடியாது. உடைத்து, அதிலுள்ள நைட்ரஜனை எச்சத்தில் தள்ளிவிடும். பண்ணைப் பக்கம் பைக்கில் போகும்போது மூக்கைத் துளைக்கும் அந்த அமோனியா நெடி அங்கிருந்துதான் வருகிறது. தீவனக் கணக்கு சரியில்லாத பண்ணையில் நெடி கூடுதலாக இருக்கும்.

"எது குறைவாக இருக்கிறதோ அதுதான் மொத்த உற்பத்தியையும் தீர்மானிக்கும்" என்ற இந்த விதி, மெத்தியோனின் சாக்கைத் தூக்கும் லோடுமேன் வரைக்கும் இங்கே பழக்கம். புற்றுநோய் செல்லுக்குள் நடப்பதும் இதே கணக்குதான்.

மனித உடலின் புரதங்கள் எல்லாமே 20 வகை அமினோ அமிலங்களை மணி கோப்பது போலக் கோத்துச் செய்தவை. கோக்கும் இயந்திரம் ரைபோசோம். நொடிக்கு ஐந்து மணி வீதம் கோக்கும். எந்த மணிக்கு அடுத்து எந்த மணி என்பதை மரபணுவின் நகல் சொல்லும். மணிகளைச் சுமந்துவந்து கொடுக்க டிஆர்என்ஏ என்ற குட்டி வண்டிகள் இருக்கின்றன. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரே ஒரு வகைச் சரக்குதான். "அது இல்லையா, பரவால்ல இதைப் போடு" என்ற சமாளிப்பு இங்கே செல்லாது. தேவையான மணி வரவில்லை என்றால் ரைபோசோம் அங்கேயே நிற்கும். பின்னால் வரும் ரைபோசோம்களும், தொப்பூர் கணவாயில் ஒரு லாரி மடக்கியதும் பின்னால் நிற்கும் லாரிகள் மாதிரி, வரிசையாக நிற்கும்.

ஆனால் செல் சும்மா வேடிக்கை பார்க்காது. சரக்கு ஏறாமல் காலியாகத் திரியும் வண்டிகளைக் கவனிக்க ஜிசிஎன்2 என்ற ஒரு புரதம் இருக்கிறது. காலி வண்டி அதிகமானதும் அது உற்பத்தி மொத்தத்தையும் குறைக்கச் சொல்லும். அதே நேரத்தில் ஏடிஎஃப்4 என்ற இன்னொரு புரதத்தைத் தட்டி எழுப்பும். அதன் வேலை, பற்றாக்குறையான அமினோ அமிலத்தை உள்ளேயே தயாரிக்கவும் வெளியிலிருந்து இழுக்கவும் ஏற்பாடு செய்வது. இதற்கு எதிர்முனையில் எம்டார் என்ற சுவிட்ச். லியூசின், அர்ஜினின் போன்றவை தாராளமாக இருந்தால் அது "ஓட்டு, ஓட்டு" என்று உற்பத்தியை முடுக்கும். ஆரோக்கியமான செல் இந்த இரண்டையும் பார்த்துத்தான் நடந்துகொள்ளும். பல புற்றுநோய்களில் எம்டார் சுவிட்ச் ஆன் நிலையிலேயே சிக்கிக்கொள்கிறது. சரக்கு இருக்கிறதோ இல்லையோ, வளர்ந்துகொண்டே இரு என்ற உத்தரவு. அதனால்தான் அவற்றுக்கு அமினோ அமிலப் பசி அதிகம்.

கினிப் பன்றி ரத்தத்தில் கிடைத்த துப்பு

1953-ல் நியூயார்க்கில் ஜான் கிட் என்ற ஆய்வாளர் ஒரு விநோதத்தைக் கவனித்தார். லிம்ஃபோமா புற்றுநோய் உள்ள எலிகளுக்குக் கினிப் பன்றியின் ரத்த நீரைச் செலுத்தியபோது கட்டிகள் கரைந்தன. குதிரையின் ரத்த நீருக்கும் முயலின் ரத்த நீருக்கும் அந்த வித்தை வரவில்லை. அப்படியென்றால் கினிப் பன்றியிடம் மட்டும் என்ன இருக்கிறது?

விடைக்கான துண்டு 1922-லேயே ஓர் ஆய்வுக் கட்டுரையில் கிடந்தது. கினிப் பன்றியின் ரத்தத்தில் அஸ்பராஜினேஸ் என்ற நொதி ஏராளம் என்று கிளெமென்டி என்பவர் எழுதிவைத்திருந்தார். அது அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தை உடைத்துப்போடும் நொதி. 1960-களின் தொடக்கத்தில் ஜான் புரூம் என்ற ஆய்வாளர் இரண்டையும் முடிச்சுப் போட்டார். கட்டியைக் கரைத்தது அந்த நொதிதான். 1964-ல் அதே நொதியை ஈ.கோலி பாக்டீரியாவிலிருந்தும் எடுக்கலாம் என்று தெரிந்ததும், கினிப் பன்றிகள் தப்பித்தன. மருந்தாக உற்பத்தி செய்யும் வழியும் திறந்தது.

இது வேலை செய்யும் விதம், நம்ம தீவனக் கணக்கின் அச்சு அசல். அஸ்பராஜின் நம் உடல் தானே தயாரித்துக்கொள்ளும் அமினோ அமிலம். பெரும்பாலான செல்களில் அதற்கான வசதி இருக்கிறது. ஆனால் குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோயான ஏஎல்எல் வகையில், புற்றுநோய் செல்களுக்கு அந்தத் தயாரிப்பு வசதி மிகக் குறைவு. ரத்தத்தில் மிதந்துவரும் அஸ்பராஜினை வாங்கிச் சாப்பிட்டுத்தான் அவை பிழைக்கின்றன. ஊசி மூலம் நொதியைச் செலுத்தி ரத்தத்திலிருக்கும் அஸ்பராஜினைத் துடைத்தெடுத்துவிட்டால், சாதாரண செல் சமாளித்துக்கொள்ளும். லுக்கேமியா செல்லில் ரைபோசோம் நின்றுபோகும், செல் செத்துப்போகும்.

இதில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1984-ல் எம்சிபி 841 என்ற சிகிச்சைத் திட்டம் இந்தியாவில் தொடங்கியது. சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, மும்பை டாடா மெமோரியல், டெல்லி எய்ம்ஸ் மூன்றும், அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்துடன் சேர்ந்து ஏஎல்எல் குழந்தைகளுக்கு ஒரே மாதிரி சிகிச்சை கொடுத்தன. அதன் முதல்கட்ட மருந்துகளில் அஸ்பராஜினேஸும் ஒன்று. பதினான்கு ஆண்டு அனுபவத்தை 2005-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டவர்களில் டாக்டர் வி.சாந்தாவும் ஒருவர். வசதி குறைந்த நாட்டில் எப்படிக் குழந்தைகளைக் காப்பாற்றுவது என்பதற்கு உலகம் எடுத்துப் பார்த்த பாடம் அது.

மருந்தின் பக்கவிளைவுகூட புரத உற்பத்தியின் கதைதான். கல்லீரல் தினமும் ஏகப்பட்ட புரதம் தயாரிக்கும் உறுப்பு. அஸ்பராஜின் தட்டுப்பாட்டில் அதன் உற்பத்தியும் அடிவாங்கும். ரத்தம் உறைவதற்கும் உறையாமல் இருப்பதற்குமான புரதங்கள் குறையும், அல்புமின் இறங்கும். அதனால்தான் இந்த ஊசி போடும் நாட்களில் மருத்துவர்கள் ரத்தம் உறையும் திறனை அடிக்கடி சோதிக்கிறார்கள். கணையம் வீங்கி வயிற்றுவலி வருவதும் இதன் தெரிந்த ஆபத்துகளில் ஒன்று.

அப்போ சாப்பாட்டிலேயே அஸ்பராஜினைக் குறைத்தால் என்ன?

நியாயமான கேள்வி. 2018 பிப்ரவரியில் இந்தக் கேள்வி உலகச் செய்தியே ஆனது. நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, மார்பகப் புற்றுநோய் உள்ள எலிகளில் அஸ்பராஜினைக் கட்டுப்படுத்தியபோது நோய் மற்ற உறுப்புகளுக்குப் பரவுவது குறைந்தது என்று காட்டியது. உணவு மூலம் குறைத்தபோதும் பலன் தெரிந்தது. முதல் கட்டியின் வளர்ச்சி பெரிதாக மாறவில்லை, பரவுவதுதான் குறைந்தது. ஆய்வாளர்கள் எலி என்றார்கள். சில பத்திரிகைத் தலைப்புகளில் அந்த எலி காணாமல் போய், அஸ்பாரகஸ் என்ற காய் புற்றுநோயைப் பரப்புகிறது என்று ஆகிவிட்டது. 1806-ல் அந்தக் காயின் சாற்றிலிருந்து முதலில் பிரித்தெடுத்ததால் அஸ்பராஜினுக்கு அந்தப் பெயர். அவ்வளவுதான் சம்பந்தம். நம்ம ஊர் தண்ணீர்விட்டான் கிழங்கும் அதே செடிக் குடும்பம். நல்லவேளை, அதுவரைக்கும் யாரும் வரவில்லை.

அஸ்பராஜின் முட்டையில் இருக்கிறது. பாலில், மீனில், கறியில், பருப்பில், சோயாவில், உருளைக்கிழங்கில், நிலக்கடலையிலும் இருக்கிறது. இதையெல்லாம் விலக்கிய பிறகு கொங்கு வீட்டுச் சமையலில் மிஞ்சுவது என்ன? அப்படியே விலக்கினாலும் உடல் சும்மா இருக்காது, தானே தயாரித்து ரத்தத்தில் விடும். ஊசியாகச் செலுத்தும் நொதி உடனுக்குடன் உடைத்துக்கொண்டே இருப்பதால்தான் அளவு பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் போகிறது. உணவுக் கட்டுப்பாட்டுக்கு அந்த வலு இல்லை.

சரி, உடல் தயாரிக்க முடியாத, சாப்பாட்டிலிருந்து மட்டுமே வரும் ஒன்பது அமினோ அமிலங்களைக் குறைத்தால்? மெத்தியோனின் அதில் ஒன்று. 2019-ல் அமெரிக்காவில் மெத்தியோனின் குறைந்த உணவு கொடுத்த எலிகளில் சில கட்டிகளின் வளர்ச்சி மட்டுப்பட்டது, கீமோவும் கதிர்வீச்சும் கூடுதலாக வேலை செய்தன. ஆரோக்கியமான ஆறு பேருக்கு அதே மாதிரி உணவு கொடுத்தபோது ரத்தத்தில் ஒத்த மாற்றங்கள் தெரிந்தன. நம்பிக்கை தரும் ஆராய்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு கிராமையும் அளந்து தயாரித்த உணவு. அந்த ஆறு பேரும் நோயாளிகளும் இல்லை. முட்டையை நிறுத்திவிட்டுக் கஞ்சி குடிப்பதற்கு இந்த ஆய்வைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

நம் உடலில் அமினோ அமிலத்துக்கென்று தனிக் கிடங்கு கிடையாது. கொழுப்பைச் சேர்க்க இடம் இருக்கிறது, சர்க்கரையைச் சேர்க்க கொஞ்சம் இடம் இருக்கிறது. அமினோ அமிலத்துக்குக் கிடங்கு என்றால் அது தசைதான். சாப்பாட்டில் புரதம் வரவில்லை என்றால், உடல் தசையை உடைத்து ரத்தத்தில் அளவைக் காப்பாற்றும். இதயமும் கல்லீரலும் நிற்கக்கூடாதே! அந்த ரத்தம்தான் கட்டிக்கும் போகிறது. நீங்கள் வாசல் கதவைப் பூட்டுகிறீர்கள், வீட்டுக்குள்ளிருந்தே சரக்கு போய்க்கொண்டிருக்கிறது.

போதாததற்கு, புற்றுநோய் செல்கள் பிழைக்கத் தெரிந்தவை. கணையப் புற்றுநோய் செல்கள் சுற்றியுள்ள திரவத்திலிருந்து அல்புமின் போன்ற முழுப் புரதங்களையே விழுங்கி, உள்ளே உடைத்து, அமினோ அமிலமாக மாற்றிக்கொள்வதை 2013-ல் கண்டுபிடித்தார்கள். சில செல்கள் தங்கள் பழைய பாகங்களையே பிரித்துத் தின்கின்றன. லுக்கேமியா செல்களுக்கு எலும்பு மஜ்ஜையிலுள்ள பக்கத்துச் செல்கள் அஸ்பராஜினை ஊட்டிவிடுவதும் தெரியவந்திருக்கிறது. பசியைத் தாங்க இவ்வளவு குறுக்குவழி வைத்திருக்கும் ஒன்றோடு, கீமோவில் களைத்துப்போன ஒரு மனிதரைப் பட்டினிப் போட்டிக்கு நிறுத்துகிறோம். யார் முதலில் விழுவார்?

கஞ்சியில் இல்லாதது

ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கமான எஸ்பென், புற்றுநோயாளிகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு தினமும் ஒரு கிராமுக்கு மேல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறது. சாப்பாட்டைக் குறைக்கும் டயட் எதையும் அது பரிந்துரைக்கவில்லை. 50 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 50 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். 100 கிராம் உலர்ந்த ஜவ்வரிசியில் ஒரு கிராம்கூட இல்லை, அது கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவை மட்டும் பிரித்தெடுத்துச் செய்வது வேறு எப்படி இருக்கும்? ஜவ்வரிசி மேல் கோபமில்லை. வாய்ப்புண்ணோடு இருப்பவருக்கு அது பெரிய உபகாரம். பாலில் காய்ச்சினால், மசித்த பாசிப்பருப்பு சேர்த்தால், பக்கத்தில் ஒரு முட்டை வைத்தால், அது சாப்பாடு. வெறும் கஞ்சியாக மூன்று வேளையும் என்றால், தீவன மில்லில் மக்காச்சோளத்தை மட்டும் அரைத்துக் கோழிக்குப் போடுகிற கதை. எந்தப் பண்ணைக்காரரும் தன் கோழிக்கு அப்படிச் செய்ய மாட்டார்.

சாப்பிடாத நோயாளிக்கு எடை இறங்குகிறது. எடை இறங்கினால் கீமோவைத் தாங்கும் சக்தி குறைகிறது. டோஸைக் குறைக்கவோ தள்ளிப்போடவோ வேண்டிவருகிறது. புற்றுநோயைப் பட்டினி போடப் போய், புற்றுநோய்க்கு அவகாசம் கொடுத்த மாதிரி ஆகிறது.

விதிவிலக்குகள் உண்டு. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்குப் புரத அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அஸ்பராஜினேஸ் ஊசியால் கணையம் வீங்கியிருந்தால் எப்போது, என்ன சாப்பிடலாம் என்பதும் அவர் முடிவு. கீமோவில் வெள்ளை அணுக்கள் இறங்கியிருக்கும்போது பச்சை முட்டை, ஆஃப்பாயில் இரண்டும் கூடாது. நன்றாக வெந்த முட்டை மட்டும். இது கிருமித் தொற்றுக்குப் பயந்து, அமினோ அமிலத்துக்குப் பயந்து இல்லை.

கேட்க வேண்டிய கேள்வி வேறு

முட்டையைப் பற்றி இவ்வளவு தீவிரமாக விவாதிக்கிற நாம், அந்த ஊசிக் குப்பியைப் பற்றி விவாதிப்பதே இல்லை. எனக்கு ஆதங்கம் இதில்தான். அஸ்பராஜினேஸ் என்பது உயிருள்ள பாக்டீரியாவிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கும் புரதம். பாரசிட்டமால் மாதிரி வேதிப்பொருளைக் கலந்து செய்வதில்லை. தயாரிப்பிலோ சேமிப்பிலோ கோளாறு என்றால், குப்பியில் மருந்து இருக்கும், வேலை இருக்காது. இந்தியாவில் விற்கும் சில ஜெனரிக் வகைகளைச் செலுத்திய குழந்தைகளில் கணிசமானவர்களுக்கு ரத்தத்தில் தேவையான அளவு நொதிச் செயல்பாடு எட்டவில்லை என்று 2021-ல் இந்திய ஆய்வாளர்களே எழுதினார்கள். 2023 ஜனவரியில் பிரிட்டனைச் சேர்ந்த புலனாய்வு இதழியல் அமைப்பு ஒன்று, தரம் குறைந்த அஸ்பராஜினேஸ் பிராண்டுகள் 90-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போயிருப்பதாக விரிவான செய்தி வெளியிட்டது.

தரமான மருந்தாக இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. வெளியிலிருந்து வந்த புரதம் என்பதால் சில குழந்தைகளின் உடல் அதற்கு எதிர்ப்புப் பொருள் உருவாக்கி, சத்தமில்லாமல் முடக்கிவிடும். அலர்ஜி தெரியாது, அரிப்பு வராது. ஊசி போட்டாச்சு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருப்போம். உள்ளே அஸ்பராஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், லுக்கேமியா செல் பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஊசி போட்ட சில நாட்கள் கழித்துக் கொஞ்சம் ரத்தம் எடுத்து, நொதியின் செயல்பாட்டை அளக்க வேண்டும். லிட்டருக்கு 100 யூனிட்டுக்குக் குறையக்கூடாது என்பதுதான் பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. வசதியுள்ள நாடுகளின் குழந்தைப் புற்றுநோய் மையங்களில் இது பழகிப்போன சோதனை. சேலத்திலோ நாமக்கல்லிலோ சிகிச்சை எடுக்கும் குழந்தையின் பெற்றோர், "டாக்டர், ஆக்டிவிட்டி லெவல் பார்க்க முடியுமா? எங்கே அனுப்பணும்?" என்று கேட்பதில் தப்பே இல்லை. மருத்துவரைச் சந்தேகப்படுவதாக ஆகாது. அந்த வசதி பக்கத்தில் வேண்டும் என்று மருத்துவர்களும்தான் விரும்புவார்கள்.

அதை விடப் பெரிய வேலை அரசுடையது. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்க 1994-லேயே தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை அமைத்து, மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் போகும்படி நடத்திக் காட்டிய ஊர் இது. அஸ்பராஜினேஸ் மாதிரியான உயிரியல் மருந்துகளுக்கு, விலையோடு சேர்த்து, நோயாளிகளின் ரத்தத்தில் அந்த பிராண்டு எட்டிய செயல்பாட்டு அளவையும் டெண்டரில் கேட்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை பெறும் ஏஎல்எல் குழந்தைகளுக்கு இந்த ரத்தச் சோதனையையும் தொகுப்புக்குள் சேர்க்கலாம். மாநிலத்துக்கு இரண்டு மூன்று ஆய்வகங்கள் போதும், மாதிரியைக் குளிர்பெட்டியில் அனுப்பிக்கொள்ளலாம். ஒரு சாக்கு மெத்தியோனினைக்கூட லேபுக்கு அனுப்பித் தரம் பார்த்துத் தீவனத்தில் கலக்கிற ஊரில், குழந்தைக்குப் போடும் ஊசிக்கு இதைக் கேட்பது அதிகப்படி ஒன்றும் கிடையாது.